பவர் வராத பழைய லேப்டாப்: தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடுக்கு மொபைல், ஏஐ எதுவும் கிடையாது. நம்ம வீட்டு அலமாரில துணிக்கு அடியில கிடக்கிற பழைய லேப்டாப்பைப் பத்திப் பேசப் போறோம்.

எனக்கு அடிக்கடி வர்ற வாய்ஸ் நோட் இது: "ரெண்டு வருஷமா தொடல. இப்போ ஆன் பண்ணா ஒரு அசைவும் இல்ல. சரி பண்ணலாமா, தூக்கிப் போட்டுடலாமா?" கடைசியா கேட்டது திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா. 2011-ல தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவங்க தம்பிக்கு ஸ்கூல்ல கிடைச்ச லேப்டாப். தம்பி படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு. ஆனா அவங்க அப்பாவோட கடைசி சில வருஷத்து போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. அப்பா இப்போ இல்ல.

ஒரு கடையில காட்டியிருக்காங்க. "போர்டு போயிருச்சு, செலவு பண்றது வீண். இங்கயே குடுத்துட்டுப் போங்க, புதுசு வாங்கும்போது ஒரு தொகை கழிச்சுக்கிறோம்"னு சொல்லியிருக்காங்க. அக்கா கேட்டது, "அவர் சொல்றது உண்மையா தம்பி?"

இதுல ரெண்டு கேள்வி ஒண்ணா பின்னிக் கிடக்கு. லேப்டாப் பிழைக்குமாங்கிறது ஒண்ணு. உள்ளே இருக்கிறது கிடைக்குமாங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு "இல்ல"ன்னு பதில் வந்தாலும் ரெண்டாவதுக்கு "கிடைக்கும்"னு வர நிறைய வாய்ப்பு இருக்கு. அதனால ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதலில் டிஸ்க்

பவர் வரலைன்னா கெட்டுப்போனது பெரும்பாலும் சார்ஜர், பேட்டரி, மதர்போர்டு இந்தப் பக்கம்தான். போட்டோ இருக்கிறது ஹார்ட் டிஸ்க்ல. அது தனிப் பொருள். பழைய லேப்டாப்ல 2.5 இன்ச் சாட்டா டிஸ்க் இருக்கும். அடிப்பக்க மூடியில ரெண்டு மூணு ஸ்க்ரூ கழற்றினா பல மாடல்ல கையிலயே வந்துடும். அதை வேற கம்ப்யூட்டர்ல மாட்ட சாட்டா டு யூஎஸ்பி கேபிள், இல்லன்னா டிஸ்க் போடுற கேஸ் கிடைக்குது. சில நூறு ரூபாய்தான். மாட்டினதும் பென் டிரைவ் மாதிரி திறந்துக்கும்.

இதுல நாலு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, டிஸ்க்லேர்ந்து "டக், டக்"னு ஒரே சீரா சத்தம் வந்தா உடனே கழற்றிடுங்க. திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்காதீங்க. அது டிஸ்க்கே பழுதாகுற சத்தம். அதுக்கப்புறம் அது டேட்டா ரெகவரி பண்றவங்க வேலை.

ரெண்டு, அந்தக் காலத்து அரசு லேப்டாப் பலதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. லினக்ஸ் பக்கம் சேமிச்ச ஃபைலை விண்டோஸ் நேரடியா படிக்காது. "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணட்டுமா?"ன்னு ஒரு பெட்டி வந்து நிக்கும். வேண்டாம்னு மூடிடுங்க. டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, விண்டோஸுக்கு அந்த மொழி தெரியலன்னு மட்டும்தான் அர்த்தம். உபுண்டு மாதிரி ஏதாவது ஒரு லினக்ஸை பென் டிரைவ்லேர்ந்து ஓட்டினா எல்லாம் தெரியும்.

மூணு, கொஞ்சம் புது லேப்டாப்னா பிட்லாக்கர் போட்டிருக்கலாம். டிஸ்க்கை வேற மெஷின்ல மாட்டினா 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணிப் பயன்படுத்தின லேப்டாப்னா பெரும்பாலும் அந்தக் கீ அங்கேயே சேமிப்பா இருக்கும்.

நாலு, எம்.2 எஸ்எஸ்டின்னா சாட்டா வகையா என்விஎம்இ வகையான்னு பார்த்து அதுக்கு ஏத்த கேஸ் வாங்கணும். சில மெல்லிய லேப்டாப்லயும் சமீபத்து மேக்புக்லயும் ஸ்டோரேஜை போர்டுலயே பற்ற வச்சிருப்பாங்க. அங்க இந்த வழி நடக்காது, போர்டை உயிர்ப்பிச்சாதான் டேட்டா.

எக்ஸ்சேஞ்சுக்குக் குடுக்கிறவங்க இன்னொண்ணும் யோசிக்கணும். ஆன் ஆகாத லேப்டாப்பை நீங்க அழிச்சுட்டுக் குடுக்க முடியாது. உங்க போட்டோ, ஆதார் ஸ்கேன், சேமிச்ச பாஸ்வேர்டு எல்லாத்தோடயும்தான் அது போகுது. அதனால அக்காவுக்கு நான் முதல்ல சொன்னது, "டிஸ்க்கைக் கழற்றி வீட்ல வச்சுக்கோங்க, மத்ததை அப்புறம் பேசலாம்."

பட்டனை அமுக்கினா உள்ளே என்ன நடக்குது

சரி, இப்போ லேப்டாப்புக்கு வருவோம். எனக்கு வேலை சாஃப்ட்வேர். காலேஜ்ல நாலு வருஷம் ஈசிஇ, அதனால மல்டிமீட்டர் பழக்கம் உண்டு. ஆனா இதுக்கு உண்மையில உதவுறது டீபக் பண்ற புத்திதான். ஒரு புரோகிராம் வேலை செய்யலன்னா ஆயிரம் வரியையும் படிக்க மாட்டோம். எது வரைக்கும் ஒழுங்கா ஓடுச்சு, எங்க நின்னுச்சுன்னு பார்ப்போம். லேப்டாப்பும் அப்படித்தான். அதுக்கு அந்த வரிசை தெரியணும்.

லேப்டாப்போட பவர் பட்டன் நம்ம வீட்டு ஃபேன் ஸ்விட்ச் மாதிரி கரண்ட்டை நேரா இணைக்கிறது கிடையாது. அது ஒரு காலிங் பெல். உள்ளே எம்பெடட் கன்ட்ரோலர்னு ஒரு குட்டி சிப் இருக்கு. லேப்டாப் ஆஃப்ல இருந்தாலும் சார்ஜர் மாட்டியிருந்தா அதுக்கு 3.3 வோல்ட் போய்க்கிட்டே இருக்கும். பெல் அடிச்சா எழுந்து வர்றது அதுதான். சார்ஜிங் லைட், ஃபேன், கீபோர்டு எல்லாத்தையும் பெரும்பாலான லேப்டாப்ல கவனிக்கிறதும் அதுதான்.

பெல் அடிச்சதும் வேலை வரிசையா நடக்கும். சார்ஜர்லேர்ந்து வர்ற 19 வோல்ட்டை போர்டு சின்னச் சின்னதா பிரிக்கும். 5 வோல்ட், 3.3 வோல்ட், ராமுக்கு தனியா, டிடிஆர்3-ன்னா 1.5 அல்லது 1.35, டிடிஆர்4-ன்னா 1.2. பிராசசருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட். ஒவ்வொண்ணும் சரியா வந்ததும் "நான் ரெடி"ன்னு ஒரு சிக்னல் போகும். எல்லாரும் ரெடின்னு சொன்னாதான் பிராசசர் ஓட ஆரம்பிக்கும். அது பயாஸைப் படிக்கும், பயாஸ் ராமைச் சோதிக்கும், திரையை எழுப்பும், கடைசியா டிஸ்க்லேர்ந்து விண்டோஸைக் கூப்பிடும்.

இந்த வரிசையில எங்க நின்னாலும் நாம சொல்றது ஒரே வாக்கியம்: "லேப்டாப் ஆன் ஆகல." கடைக்காரரும் ஒரே வாக்கியத்துல "போர்டு போச்சு"ங்கிறார். ஆனா நின்ன இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும்.

சார்ஜர் மாட்டியும் லேப்டாப்ல ஒரு லைட்டும் இல்லையா? அந்தச் சின்ன சிப்புக்கே கரண்ட் போகல. சார்ஜர், ஜாக், போர்டோட நுழைவாயில், இந்த மூணுல ஒண்ணு.

சார்ஜிங் லைட் எரியுது, பட்டனை அமுக்கினா மட்டும் ஒண்ணும் இல்லையா? பெல் அடிக்குது, ஆள் எழுந்திருக்கல. கன்ட்ரோலர் திணறி நிக்கலாம், பட்டனே போயிருக்கலாம்.

ரெண்டு செகண்ட் ஃபேன் சுத்தி நின்னு, திரும்பச் சுத்துதா? ஏதோ ஒரு வோல்டேஜ் வரல, இல்ல ராம் சரியா உட்காரல.

ஃபேன் ஓடுது, லைட் நிக்குது, திரை மட்டும் கறுப்பா? பவர் வந்தாச்சு. ராம் அல்லது திரை.

கம்பெனி லோகோ வந்து அப்படியே நிக்குதா? அது பவர் பிரச்சினையே கிடையாது. டிஸ்க் அல்லது விண்டோஸ். இதுக்கு யாராவது "போர்டு"ன்னு சொன்னா கூடுதலா நாலு கேள்வி கேளுங்க.

சார்ஜரும் ஜாக்கும்

முதல் வகைதான் அதிகம் வரும், அதனால இங்க கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

சுவர்லேர்ந்து ஆரம்பிங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேரா சுவர் பிளக்ல மாட்டுங்க. அந்த பிளக்ல மொபைல் சார்ஜர் வேலை செய்யுதான்னு பாருங்க. அடுத்தது அடாப்டர் பெட்டிக்குள்ள சொருகுற பவர் கார்டு. அது லூஸாகி உயிரை வாங்குறது ரொம்ப சாதாரணம். நல்லா அழுத்திச் சொருகிப் பாருங்க.

அடாப்டர் மேல ஒரு லேபிள் இருக்கும். அவுட்புட்னு போட்டு 19 வோல்ட், 3.42 ஆம்பியர்னு இருந்தா பெருக்கிப் பாருங்க, 65 வாட். வேற அடாப்டர் கடன் வாங்கிச் சோதிக்கிறதா இருந்தா பின்னும் பிளஸ் மைனஸ் அமைப்பும் அதேதானா, வோல்ட் அதேதானான்னு பாருங்க. ஆம்பியர் அதே அளவு இல்ல அதுக்கு மேல இருக்கலாம். அதிக ஆம்பியர் போட்டா எரிஞ்சுடுமோன்னு பயப்பட வேண்டாம், லேப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும்.

மல்டிமீட்டர் இருந்தா டிசி வோல்ட்ல வைங்க. சின்ன மஞ்சள் மீட்டர்னா 20-ல வைக்காம 200-ல வைங்க. 20 வோல்ட்டைத் தாண்டினா அது வெறும் "1"-ன்னு காட்டும், அடாப்டர் போச்சுன்னு நினைச்சுடுவீங்க. பின்னோட உள் சுவர்ல ஒரு முனை, வெளிச் சுவர்ல ஒரு முனை. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பட்டுடாம பாருங்க. டெல், ஹெச்பி பின் பலதுல நடுவுல ஊசி மாதிரி ஒண்ணு இருக்கும். அது பவர் இல்ல, "நான் ஒரிஜினல் சார்ஜர், இத்தனை வாட்"னு லேப்டாப்புக்குச் சொல்ற கம்பி. அது வளைஞ்சாலோ அறுந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனா பேட்டரி ஏறாது. பேட்டரி சுத்தமா தீர்ந்த மெஷின்ல இது குழப்பிவிடும்.

யூஎஸ்பி-சி சார்ஜர்னா மீட்டர்ல 20 வோல்ட் தேடாதீங்க. லேப்டாப்போட பேசி முடிக்காம அது 5 வோல்ட்டைத் தாண்டாது.

இன்னொரு சோதனைக்கு மீட்டரே வேண்டாம். அடாப்டர் பெட்டியில குட்டி எல்ஈடி இருக்கா? சுவர்ல மாட்டினா எரியுது. லேப்டாப்ல சொருகின அந்த நொடி அணைஞ்சு, கழற்றினா திரும்ப வருதா? அப்படின்னா பெரும்பாலும் போர்டுல ஷார்ட். அடாப்டர் தன்னைக் காப்பாத்திக்க மூடிக்குது. வேற நல்ல அடாப்டர்லயும் அதே மாதிரி நடந்தா சந்தேகமே வேண்டாம்.

அக்கா வீட்ல நடந்தது இதுதான். வீடியோ கால்ல பார்த்தோம், ரெண்டு அடாப்டர்லயும் சொருகினதும் லைட் அணைஞ்சது. ஆக, போர்டுல கோளாறுன்னு கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனா டிஸ்க்கை கேஸ்ல போட்டு தம்பியோட ஆபீஸ் லேப்டாப்ல மாட்டினா அப்பா போட்டோ அத்தனையும் இருந்தது. "குடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னப்போ குடுத்திருந்தா அதுவும் சேர்ந்து போயிருக்கும். போர்டை சரி பண்ணக் கேட்ட தொகை அந்த லேப்டாப்போட இன்றைய மதிப்பைவிட அதிகம், அதனால வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுவும் சரியான முடிவுதான்.

ஜாக்கை மறந்துடாதீங்க. பின்னைச் சொருகி மெதுவா ஆட்டினா லைட் விட்டு விட்டு எரிஞ்சா ஜாக் லூஸ். பல மாடல்ல ஜாக் ஒரு சின்ன வயரோட தனியா வரும், கழற்றி மாத்திடலாம். போர்டுல நேரா பற்ற வச்ச மாடல்னா சால்டரிங் தெரிஞ்சவர் வேணும். ரெண்டுமே புது போர்டு வாங்குற வேலை கிடையாது.

அடாப்டர் பெட்டியை மட்டும் உடைச்சுத் திறக்காதீங்க. 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியா மாறும்போது 325 வோல்ட் வரைக்கும் கெப்பாசிட்டர்ல தேங்கி நிக்கும். பிளக்கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

முப்பது செகண்ட் வைத்தியம்

இது ரெண்டாவது வகைக்கு: லைட் எரியுது, பட்டனுக்குப் பதில் இல்ல. சார்ஜரைக் கழற்றுங்க. கழற்றுற பேட்டரின்னா அதையும் எடுங்க. பவர் பட்டனை முப்பது செகண்ட் அமுக்கிப் பிடிங்க. அப்புறம் பேட்டரி இல்லாம சார்ஜர் மட்டும் மாட்டி ஆன் பண்ணுங்க.

மந்திரம் மாதிரி தெரியும், ஆனா காரணம் இருக்கு. அந்தக் குட்டி கன்ட்ரோலர் எப்பவும் விழிச்சிருக்கிறதால அதுவும் ஒரு புரோகிராம் மாதிரி எங்கயோ மாட்டி நின்னுடலாம். லேப்டாப்பை ஆஃப் பண்ணா அது ஆஃப் ஆகாது. எல்லாக் கரண்ட்டையும் எடுத்து, கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்கிறதையும் வடிச்சாதான் அது முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். பேட்டரி உள்ளேயே இருக்கிற மாடல்னா அடி மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றணும். திங்க்பேட் சிலதுல அடியில ஊசி நுழையுற ஓட்டை ஒண்ணு இதுக்குன்னே இருக்கு.

பேட்டரி பத்தி ஒரு எச்சரிக்கை. டச்பேட் மேல எழும்பியிருந்தாலோ அடி மூடி புடைச்சிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கு. அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையில போடாம மின் கழிவு வாங்குறவங்ககிட்ட குடுங்க.

போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்தா பெரும்பாலும் தேதி நேரம்தான் தப்பாகும். ஆனா சில பழைய மாடல்ல ஆன் ஆகவே விடாம பண்ணும். விலை ரொம்பக் கம்மி, மாத்திப் பார்த்துடலாம்.

ஃபேன் ஓடுது, திரை கறுப்பு

இங்க முதல்ல கேப்ஸ் லாக் அமுக்குங்க. அதோட லைட் மாறி மாறி எரிஞ்சா உள்ளே எல்லாம் ஓடுது, திரை மட்டும்தான் வரல. இருட்டு ரூம்ல டார்ச்சைச் சாய்ச்சு திரை மேல அடிங்க. மங்கலா எழுத்து தெரிஞ்சா பேக்லைட் போயிருக்கு. ஹெச்டிஎம்ஐ கேபிள்ல டிவியில மாட்டிப் பாருங்க. டிவியில வந்தா அந்த லேப்டாப் டிவியோட இன்னும் சில வருஷம் ஓடும்.

கேப்ஸ் லாக்கும் அசையலன்னா ராம். சார்ஜர், பேட்டரி கழற்றிட்டு, ஏதாவது இரும்பைத் தொட்டு உடம்புல இருக்கிற ஸ்டேட்டிக்கை இறக்கிட்டு, ராமோட ரெண்டு பக்கக் கிளிப்பையும் வெளிப்பக்கமா தள்ளுங்க, சாய்வா எழும்பும். தங்க நிறப் பல் வரிசையை வெள்ளை ரப்பரால லேசா தேய்ங்க, துகளைத் துடைச்சுட்டுத் திரும்பப் போடுங்க. ரெண்டு ராம் இருந்தா ஒண்ணை மட்டும் போட்டுப் பாருங்க, அப்புறம் இன்னொண்ணை, அப்புறம் ஸ்லாட்டை மாத்தி. மழைக்காலம் முழுக்க அலமாரில கிடந்த லேப்டாப்ல இது பலிக்கிறது அதிகம்.

லைட் ஒரு கணக்கா மின்னினாலோ பீப் சத்தம் வந்தாலோ எண்ணிக் குறிச்சு வைங்க. எங்க நின்னேன்னு லேப்டாப்பே சொல்லுது. மாடல் பேரோட சர்வீஸ் மேனுவல்னு தேடினா அதுக்கு அர்த்தம் கிடைக்கும்.

கடைக்குப் போகும்போது

இத்தனையும் பார்த்தும் நடக்கலன்னா கடைதான். போர்டு பழுதுன்னா "சிப் லெவல் சர்வீஸ்"னு போர்டு வச்சிருக்கிறவங்ககிட்ட போங்க. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல அப்படி நிறைய கடை. போர்டையே மாத்தாம, போன பாகத்தை மட்டும் தேடி மாத்துறது அவங்க வேலை. ஷார்ட் ஆன ஒரு சின்ன கெப்பாசிட்டரா இருந்தா செலவு குறைவாவே முடியலாம்.

டிஸ்க்கைக் கழற்றி வச்சுட்டுப் போங்க. பவர் வருதான்னு பார்க்க அவங்களுக்கு டிஸ்க் தேவையில்ல. ராம் எத்தனை ஜிபி, சீரியல் நம்பர் என்னன்னு போட்டோ எடுத்து வைங்க. "போர்டு போச்சு"ன்னா "எந்த வோல்டேஜ் வரலைங்க?"ன்னு மரியாதையா கேளுங்க. மீட்டர் வச்சுப் பார்த்தவர் பதில் சொல்வார், பார்க்காதவர் கோபப்படுவார். வேலை ஆரம்பிக்கும் முன் தொகை பேசிக்கோங்க, மாத்தின பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்க. சிப்பை ஹீட் கன்னால சூடு பண்ணித் தர்றேன்னு சொன்னா யோசிங்க. அப்படி உயிர் வர்றது பல சமயம் கொஞ்ச நாளைக்குத்தான். டேட்டா எடுக்க அந்த நாள் போதும்னா சரி, நிரந்தர வைத்தியம்னு நம்பி பெரிய தொகை குடுக்காதீங்க.

அவ்வளவுதான் மக்களே. இந்த வாரக் கடைசியில அலமாரியைத் திறந்து பாருங்க. லைட் எரியுதா, ஃபேன் சுத்துதா, லோகோ வருதா, எது வரைக்கும் வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, மாடல் பேரோட வாய்ஸ் நோட் அனுப்புங்க. நிறைய பேர் அனுப்பினா அடுத்த எபிசோட்ல அந்த லிஸ்டை வச்சே பேசலாம்.